நாய்களுக்குத் தொற்றும் புற்றுக்கட்டி: கண்டறிதலும் சிகிச்சையும்

வளர்ப்பு நாயின் பிறப்புறுப்பிலிருந்து நாட்கணக்கில் இரத்தம் சொட்டினால், இனிப் பிழைக்காதென்று அதை லயத்திலிருந்து தேயிலை மலைக்குள் விரட்டிவிடாதீர்கள். இனச்சேர்க்கையினால் பரவும் புற்றுக்கட்டியாக அது இருக்கக்கூடும். அப்படியானால், பெரும்பாலான நாய்கள் முற்றாகக் குணமடைகின்றன.

இது கிருமியால் வருவதன்று. நோயுற்ற நாயின் உயிருள்ள புற்றுக்கலங்களே உரசும்போது கழன்று, மற்ற நாயின் உடலில் ஒட்டி வளர்கின்றன. நாயின் கலத்தில் 78 நிறமூர்த்தங்கள் (மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகள்) இருக்க, இக்கட்டியின் கலங்களில் 57 முதல் 64 வரையே காணப்படுவது, அவை அந்த நாயின் சொந்தக் கலங்கள் அல்ல என்பதைக் காட்டுகிறது. மனிதருக்கு இது தொற்றாது.

கையுறை அணிந்து, நாயின் வாயைத் துணிப்பட்டியால் கட்டிய பின்னரே சோதியுங்கள். கடுவன் நாயில் கட்டி முன்தோலுக்குள் அடிப்பகுதியில் மறைந்திருப்பதால், தோலை முழுவதும் பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். கோலிஃபிளவரைப் போல் முடிச்சு முடிச்சாக, சிவந்து, தொட்டவுடன் இரத்தம் கசியும் சதை தெரியும். பெட்டை நாயில் இதனை வேட்கைக்கால இரத்தமென்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மூன்று வாரங்களைத் தாண்டியும் சொட்டினால் சந்தேகப்படுங்கள். முகர்வதாலும் நக்குவதாலும் மூக்கிலும் கட்டி வரலாம். ஆனால் நம் மலைகளில் மூக்கில் இரத்தம் வந்தால், உள்ளே அட்டை ஏறியிருக்கிறதா என்பதையும் வைத்தியர் பார்க்க வேண்டும்.

கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. மிருக வைத்தியர் கட்டியின் மேல் கண்ணாடித்துண்டை ஒற்றியெடுத்து, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது, தெளிவான சிறு புன்வெற்றிடங்களைக் கொண்ட வட்டக் கலங்கள் தென்பட்டால் நோய் உறுதியாகும்.

சிகிச்சைக்கு வின்கிரிஸ்டீன் என்ற மருந்தை வாரம் ஒருமுறை, பொதுவாக 3 முதல் 6 வாரங்கள், நாளத்தில் ஏற்றுவார்கள். நாளத்துக்கு வெளியே சிறிது கசிந்தாலும் சுற்றியுள்ள தசை அழுகிவிடும் என்பதால், தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு வீட்டில் ஊசி போடுவது மிகவும் ஆபத்தானது. மருந்து வெண்குருதிக் கலங்களைக் குறைக்கும். ஆகவே ஒவ்வொரு ஊசிக்கும் முன் இரத்தப் பரிசோதனை அவசியம். வாந்தி, காய்ச்சல், உணவு மறுப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த வாரம்வரை காத்திராதீர்கள். ஊசி போட்ட சில நாட்களுக்குச் சிறுநீரையும் மலத்தையும் கையுறையோடு அகற்றுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அவற்றைத் தொடக்கூடாது. சினையாக உள்ள பெட்டைக்கு இம்மருந்து குட்டிகளைப் பாதிக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் ஊசியிலேயே கட்டி சுருங்கி, இரத்தமும் நின்றுவிடலாம். ஒரு நாள் சம்பளத்தை விட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டிய வீட்டார் அத்துடன் நிறுத்த விரும்புவது எனக்குப் புரிகிறது. ஆயினும் எஞ்சிய கலங்களிலிருந்து கட்டி மீண்டும் வளரும் என்பதால், வைத்தியர் போதுமென்று சொல்லும்வரை போயே ஆக வேண்டும். வெட்டி அகற்றுவது மட்டும் பெரும்பாலும் நிலைப்பதில்லை. வின்கிரிஸ்டீனுக்கு அடங்காத கட்டிக்கு டொக்சோரூபிசின் என்ற மற்றொரு மருந்து உண்டு; அத்தகைய நாய்களைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது குறித்து உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

சிகிச்சை முடியும்வரை நாயைக் கட்டி வையுங்கள். அதனோடு சேர்ந்து திரிந்த லயத்து நாய்களையும் சோதித்து, குணமானதும் எல்லாவற்றுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வியுங்கள்.