ஊர் வேலையை ஊரே சேர்ந்து செய்வது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களுக்கு

தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் என்று ஊருக்கு எல்லாமே வேண்டும்தான். ஆனாலும் முதல் வருஷம் ஒரே ஒரு வேலையை எடுங்கள். என்னைக் கேட்டால் நம் பக்கத்துக்கு அது தண்ணீர்தான், ஏனென்றால் எந்தத் தெருக்காரரும் எந்தக் கட்சிக்காரரும் வேண்டாம் என்று சொல்ல முடியாத வேலை அது, அதில் ஒன்றாக நின்றவர்கள் அடுத்த வேலைக்குக் கூப்பிட்டாலும் வருவார்கள்.

கூட்டத்தை எங்கே போடுகிறீர்கள் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. கோயில் திண்ணையில் போட்டால் காலனியிலிருந்து வருகிறவர்கள் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுவார்கள், இல்லை வரவே மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் போடுங்கள், அடுத்த கூட்டத்தைக் காலனியிலேயே போடுங்கள். சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊற்றி முடித்த பிறகு வைத்தால்தான் பெண்கள் வர முடியும். அவர்கள் கட்டாயம் வர வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் முதலில் தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். தீர்மான நோட்டு எழுதுவது, கணக்கு வைப்பது, தவணை தவறாமல் வசூலிப்பது எல்லாம் குழு அக்காக்களுக்குக் கைவந்த வேலை, அதனால் நோட்டையும் பணத்தையும் அவர்களிடமே கொடுங்கள்.

சரி, தண்ணீரில் எங்கே தொடங்குவது? குடிக்கிற தண்ணீரில். நம் மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும், வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். காய்ச்சிக் குடித்தால் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். இதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. உங்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறுவது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா, இரண்டும் கலந்ததா என்று டேங்க் ஆபரேட்டரிடம் விசாரியுங்கள். ஒவ்வொரு போரிலிருந்தும் தொட்டியிலிருந்தும் தனித்தனி பாட்டிலில் எடுத்து, எந்த இடம், எந்தத் தேதி என்று ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். முடிவு கைக்கு வந்ததும் ஊர்ப் பொது இடத்தில் ஒட்டிவிடுங்கள், அதன் பிறகு கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நீங்கள் அலைய வேண்டியிருக்காது.

அப்புறம் ஏரி. நிறைய ஊர்களில் மழை பெய்தும் ஏரி நிரம்பாததற்குக் காரணம் வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடப்பதும், வழியில் யாராவது மடக்கிப் போட்டிருப்பதும்தான். பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஏரியிலிருந்து மேலே கால்வாய் தொடங்கும் இடம் வரை நடந்து போய்ப் பாருங்கள், எங்கே அடைத்திருக்கிறது என்று போனில் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் வாங்கிக் கால்வாயின் அகலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் நீங்களே ஜேசிபியோடு போய் இறங்காதீர்கள், அது ஊரை இரண்டாக்கிவிடும், அளந்து அகற்றும் வேலை வருவாய்த்துறையுடையது, மனுதான் உங்கள் வேலை. பாசனப் பரப்பு நூறு ஏக்கருக்குள் உள்ள ஏரி பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் கையில், அதற்கு மேற்பட்டது நீர்வளத்துறையின் கையில். யாரிடம் மனு கொடுப்பது என்று இதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முள்வெட்டுவது, குப்பை அள்ளுவது போன்றவற்றை அனுமதி கேட்டுக்கொண்டு நீங்களே செய்யலாம், ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பையன்கள் ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் கை நிறைய ஆள் கிடைக்கும்.

இவ்வளவையும் கிராம சபையில் தீர்மானமாக ஏற்றாவிட்டால் அலுவலகத்தில் அது நம் சொந்த விருப்பம் மாதிரிதான் பார்க்கப்படும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது, தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் கிராம சபை நடக்கத்தான் வேண்டும். கோரிக்கையை முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்து, பரிசோதனை முடிவையும் படங்களையும் இணைத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை மக்கள்தொகையைப் பொறுத்தது, 501 முதல் 3000 பேர் உள்ள ஊராட்சிக்கு 100 பேர், அதனால் வீட்டுக்கு ஒருவரையாவது அழைத்து வாருங்கள். முக்கியமாக, தீர்மானத்தை நோட்டில் எழுதி உங்கள் முன்னால் வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் யாரும் போட வேண்டாம்.

பணம் போதாத வேலைக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மிச்சத்தை அரசு தரும். வசூல் தொகையை வீட்டுப் பெயரோடு நோட்டில் எழுதி ஒவ்வொரு கூட்டத்திலும் வாசியுங்கள், கொடுக்க முடியாத வீட்டுக்காரர் ஒரு நாள் உழைப்பு கொடுத்தால் அதையும் அதே நோட்டில் எழுதுங்கள். தீர்மானம் போட்டும் ஒன்றும் நகரவில்லையா, நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள், அங்கே கொடுக்கும் மனு எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.