அண்டவியல் மாறிலியை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்

அண்டவியல் மாறிலி என்பது வெற்றிடத்துக்கே உள்ள ஆற்றலைக் குறிக்கும் எண். அதைப் பற்றிக் கோட்பாடு சொல்வதற்கும் வானத்தில் அளப்பதற்கும் இடையே 10இன் 120ஆம் அடுக்கு வித்தியாசம் என்று படித்திருப்பீர்கள். நானும் பல வருஷம் அதை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஓர் இரவு பென்சிலோடு உட்கார்ந்தபோதுதான் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டது. பள்ளிக் கணக்கே போதும்.

அண்டம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹப்பிள் மாறிலியில் தொடங்குங்கள். ஒரு மெகாபார்செக்குக்கு நொடிக்கு 70 கி.மீ. மெகாபார்செக் என்பது வானியலின் தூர அலகு: 3.09 × 10¹⁹ கி.மீ. வகுத்தால் நொடிக்கு 2.27 × 10⁻¹⁸. இங்கே நிதானம் வேண்டும். முதல் தடவை நான் ஒன்றை மீட்டரிலும் மற்றதைக் கிலோமீட்டரிலும் எடுத்துவிட்டேன். வர்க்கப்படுத்தியதும் ஆயிரம் மடங்குப் பிழை பத்து லட்சம் மடங்காகிவிட்டது.

அந்த எண்ணின் வர்க்கத்தை 3ஆல் பெருக்கி, அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றலின் பங்கான 0.69ஆலும் பெருக்குங்கள். அந்தப் பங்கு பூஜ்யமில்லை என்று சொன்னவை 1998இல் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்த சூப்பர்நோவாக்கள், அதாவது வெடிக்கும் விண்மீன்கள். பிறகு ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 1.2 × 10⁻⁵². இதுதான் லாம்டா, அதாவது அண்டவியல் மாறிலி.

ஈர்ப்பிலும் குவாண்டம் விளைவுகள் முக்கியமாகும் மிகச் சிறிய நீளம் பிளாங்க் நீளம். லாம்டாவை அதன் வர்க்கத்தால், அதாவது 2.61 × 10⁻⁷⁰ சதுர மீட்டரால், பெருக்குங்கள். அலகெல்லாம் போய் 3 × 10⁻¹²² நிற்கும். கோட்பாட்டின்படி வெற்றிட ஆற்றலைப் பிளாங்க் அளவுவரை கூட்டினால் ஏறக்குறைய ஒன்றை ஒட்டி வரவேண்டும். பிரபலமான இடைவெளி இதுதான். ஆனால் எதுவரை கூட்டுவது என்பது நம் தேர்வு. 100 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என்ற, பிளாங்க் அளவைவிட மிகக் குறைந்த ஆற்றலில் நிறுத்தினால் இடைவெளி சுமார் 10இன் 54ஆம் அடுக்குதான். அதனால் 120ஐ விதிபோலச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். அளந்து பெற்ற 10⁻¹²²தான் உறுதியானது.

இனி அண்டம் முழுவதையும் குவாண்டம் விதிகளால் விவரிக்கும் குவாண்டம் அண்டவியல். 3π-ஐ அந்த எண்ணால் வகுங்கள்: 3 × 10¹²². எந்த அண்டம் எவ்வளவு சாத்தியம் என்பதைச் சொல்வது அலைச்சார்பு. இயற்பியலாளர்கள் ஹார்ட்லும் ஹாக்கிங்கும் 1983இல் முன்வைத்த, தொடக்கத்தில் எல்லையே இல்லை என்னும் அலைச்சார்பில், நிகழ்தகவின் அடுக்கில் இந்தக் கோவை கூட்டல் குறியோடு உட்காருகிறது. சிறிய லாம்டாவுக்கே ஆதரவு. இயற்பியலாளர் விலென்கினின், அண்டம் ஒன்றுமில்லாததிலிருந்து குவாண்டம் ஊடுருவலால் பிறந்தது என்னும் அலைச்சார்பில் கழித்தல் குறி. பெரிய லாம்டாவுக்கு ஆதரவு. எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முதலில் இந்தக் குறியைத் தேடுங்கள். இத்தனை பெரிய அடுக்கில் குறி மாறினால் முழுப் படமும் தலைகீழாகும்.

கடைசியாகச் சரிபார்ப்பு. 3ஐ லாம்டாவால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 1.6 × 10²⁶ மீட்டர், லாம்டா மட்டுமே நிறைந்த அண்டத்தின் தொடுவான ஆரம், அதாவது நாம் பார்க்கக்கூடிய எல்லை. அந்தக் கோளத்தின் பரப்பை 4ஆலும் பிளாங்க் நீளத்தின் வர்க்கத்தாலும் வகுங்கள். அதே 3 × 10¹²² வரவேண்டும். வராவிட்டால் கிலோமீட்டரைப் பாருங்கள்.