நம்ம கடற்கரை ஊர பேண்டுக்கு எழுதுறது எப்படி?

ஊரப் பத்தி நம்ம பேண்டு வாத்தியக் குழுவுக்கு ஒரு பீஸ் (பாட்டில்லாத இசை) எழுதணும்னு உக்காந்தா மொதல்ல ஹாரன், அலை, மாதா கோயில் மணின்னு சத்தத்த அப்படியே காப்பி அடிக்கத்தான் கை போகும், நானும் அதான் பண்ணேன், வாசிச்சுக் கேட்டா பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி இருந்துச்சு. அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வின் 1928ல பாரிஸ் நகரத்தப் பத்தி எழுதுனப்போ நெஜ டாக்சி ஹாரனையே உள்ள வச்சாரு, ஆனா அத தாளத்துக்குள்ள கட்டிப் போட்டாரு. அதனால சத்தம் எப்படி நடந்துக்குதுன்னு கவனிங்க.

விடியக்காலம் மீன் ஏலத்துக்குப் போங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கங்க. ஏலம் விடுறவரு "எண்ணூறு எண்ணூறு எண்ணூத்தம்பது"ன்னு ஒரே சுதியில கடகடன்னு போவாரு, தொகை ஏறும்போது மட்டும் குரல் லேசா ஏறும், சுத்தி நிக்கிறவங்க வாயே தொறக்கமாட்டாங்க, தலைய மட்டும் ஆட்டுவாங்க. அத ட்ரம்பெட்டுக்கு ஒரே நோட்டுல வேகமா எழுதி, ஒவ்வொரு தடவையும் அரை ஸ்வரம் ஏத்துங்க, அந்தத் தலையாட்டலுக்கு கிளாரினெட்ல குட்டியா ஒரு நோட்டு, போதும்.

வல்லத்து (சின்ன மீன்பிடிப் படகு) இன்ஜின் சத்தம் டூபாவுக்கு, அதான் அடிக்குரல்ல ஊதுற பெரிய பித்தளைக் கருவி. சும்மா ஓடிக்கிட்டு நிக்கிறப்ப அது நாலு நாலா அடிக்காது, நடுவுல ஒண்ண முழுங்கும், அதனால ஏழு எண்ணிக்கையில போடுங்க. பேப்பர்ல 7/8ன்னு பாத்தா பசங்க முழிப்பாங்க, தகிட தகதிமின்னு வாயால சொல்லிக் குடுங்க பட்டுனு புடிச்சுக்குவாங்க.

பீஸோட நடு பாகத்துக்கு பாம்பன் பாலத்த விட்டா வேற எது இருக்கு. 1914ல தொறந்த பழைய பாலம் ரெண்டு கையா விரிஞ்சுச்சு, 2025ல வந்த புதுசுல 72.5 மீட்டர் நீள நடு பாகம் அப்படியே செங்குத்தா மேல போகும். ஒரு கார்ட (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) டிராம்போன்ல ஆரம்பிச்சு, பிரெஞ்சு ஹார்ன், சாக்ஸ், கிளாரினெட், புல்லாங்குழல்னு கைமாத்தி ஏத்துங்க, கீழ டூபா மட்டும் அசையாம நிக்கணும். காத்து ஜாஸ்தின்னா ரயில நிறுத்தி வைப்பாங்கல்ல, அந்த மாதிரி எல்லாரையும் ஒரு இடத்துல சடார்னு நிறுத்துங்க.

சுதி விஷயத்துலதான் மானம் போகும், ஒரே ஸ்வரம் கேக்குறதுக்கு ஒவ்வொரு கருவிக்கும் வேற வேற பேர்ல எழுதணும். எல்லாருக்கும் பி பிளாட் கேக்கணும்னா கிளாரினெட், ட்ரம்பெட்டுக்கு சி எழுதணும், ஆல்ட்டோ சாக்ஸுக்கு ஜி, ஹார்னுக்கு எஃப், டிராம்போனுக்கு பி பிளாட்டே. மியூஸ்கோர்ங்கிற நோட்டு எழுதுற சாஃப்ட்வேர்ல எழுதுனா அதுவே மாத்திக்கும், காசும் கெடையாது. பித்தளைக் கருவி ஊதுறவங்களுக்கு நடுநடுவுல ஓய்வு குடுங்க, உதடு செத்துரும்.

அப்புறம் உப்புக்காத்து, ஒரு வாரம் பெட்டியில கெடந்தாலே எங்க ட்ரம்பெட் வால்வு ஒட்டிக்கும், ஆயில் பாட்டில் கையில இருக்கட்டும். முழு ரிகர்சல மீன்பிடி தடைக்காலத்துல வச்சுக்கங்க, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகுக்குப் போற அண்ணன்மாரெல்லாம் ஊர்லயே இருப்பாங்க, மத்த மாசத்துல டூபாவே கடலுக்குப் போயிரும்.