எல்.கே.ஜி. குழந்தைக்கு ஆங்கில வாசிப்பு: புள்ளி வைத்த ஒலியில் தொடங்குங்கள்

‘ஏ ஃபார் ஆப்பிள்’ தொடங்கி ஸீப்ரா வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் நாலு வயதுக் குழந்தையிடம் ‘பின்’ என்ற சொல்லை எழுதிக் காட்டுங்கள். ‘பீ, ஐ, என்’ என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். எழுத்துகளின் பெயர் தெரியும், ஒலி தெரியாது. பெயர்களை எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் ‘பின்’ வராது.

படி 1: காது
முதல் இரண்டு வாரம் எழுத்தே வேண்டாம். அடுப்படியில் நின்றபடி, “க்… அ… ப் எடுத்துட்டு வா” என்று கேளுங்கள். கப் கைக்கு வந்துவிட்டால் காது பழகிவிட்டது. விழித்தால் இடைவெளியைக் குறைத்துச் சொல்லுங்கள்.

படி 2: ஆறு எழுத்து
பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை 3 அங்குலச் சதுரங்களாக வெட்டி, எஸ், ஏ, டீ, பீ, ஐ, என் ஆகியவற்றை அட்டைக்கு ஒன்றாக எழுதுங்கள். டீ என்றது டைகரின் முதலெழுத்தை. சின்ன எழுத்து மட்டும் போதும். புத்தகத்தில் பெரும்பாலும் அதுதான் வரும். அகரவரிசையில் போகாததற்குக் காரணம், இந்த ஆறை வைத்தே ஸிட், பின், டின், டிப் என்று நிறையச் சொற்கள் அமையும்.

தமிழ் வீடுகளில் சறுக்குவது இங்கேதான். ‘ப’ என்று சொல்லிக்கொடுத்தால் குழந்தை ‘ப-இ-ன’ என்றுதான் கூட்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதுபோல ‘ப்’ என்று நிறுத்துங்கள். தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள்: ‘ப்’, ‘ட்’, ‘ஸ்’ சொல்லும்போது அதிர்வு தெரிந்தால் உயிர் ஒட்டிக்கொண்டது என்று பொருள். ‘பஸ்ஸு’, ‘பின்னு’ என்று இழுக்கும் பழக்கமும் இதே கோளாறுதான். கிரிக்கெட் ‘பேட்’டின் நடுவில் வரும் ஆங்கில ஏ-யின் குறுகிய ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. ஆட்டுக்குட்டி கத்துவதுபோல வாயை அகலத் திறந்து சொன்னால் ஏறக்குறைய வந்துவிடும்.

படி 3: கூட்டுதல்
‘ஸ்’ நீளும், ‘ப்’ நீளாது. அதனால் முதல் சொல் ‘ஸிட்’. மூன்று அட்டைகளை நாலு விரல் இடைவெளியில் வைத்து, அடியில் விரலை ஓட்டி ‘ஸ்ஸ்ஸிஇஇட்’ என்று மூச்சு அறாமல் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஓர் அட்டையை மாற்றுங்கள்: ஸிட், பிட், பின், டின். ஒரு நாளைக்கு 10 நிமிடம். கொட்டாவி வந்தால் அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

படி 4: புத்தகம்
பக்கத்துக்கு மூன்று நான்கு சொல் உள்ளதாக எடுங்கள். படத்தைக் கையால் மூடிவிட்டு வாசிக்க விடுங்கள்; இல்லாவிட்டால் படத்தைப் பார்த்தே ஊகித்துவிடும். ‘தி’ போல ஒலிக்கு அடங்காத சொற்களை வாரத்துக்கு இரண்டாக, முழுசாகவே பழக்கலாம்.

பேட்டின் பீ, டாகின் டீ இரண்டையும் ஒரே வாரத்தில் எடுக்காதீர்கள்; சின்ன எழுத்தில் ஒன்றை இடவலமாகத் திருப்பினால் மற்றது. கப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் கப்தானே, எழுத்தும் அப்படித்தான் என்று குழந்தை நினைக்கும்.

ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழில் எழுதித் தருவதும் வேண்டாம். லேசாகத் தட்டுவது, கிரிக்கெட் மட்டை, பரீட்சை அட்டை, கெட்டது என்று நான்கு வெவ்வேறு சொல்லுக்கும் ‘பேட்’ என்றுதான் எழுத முடியும்.