காணாமப்போன காகர்-ஹக்ரா ஆத்தை மேப்ல தேடிப் பிடிக்கிறது எப்படி

கூகுள் எர்த்தை தொறந்து ஹரியானா சிர்சா பக்கத்துல ஒட்டு (Ottu)ங்கற தடுப்பணையை தேடுங்க. ஷிவாலிக் மலைல பொறக்கிற காகர் மழைக்காலத்துல மட்டும்தான் ஒழுங்கா ஓடும், அதனால கீழ காஞ்சு கெடக்கேன்னு நிறுத்திடாதீங்க, ஹனுமான்கர், சூரத்கர், அனூப்கர்னு தென்மேற்கா நகர்த்திட்டே போங்க. ரொம்ப ஜூம் பண்ணா ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் மேல வந்து பாத்தா மணல்மேடுகளுக்கு நடுவுல சில கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வளைஞ்சு வளைஞ்சு போகும், அதான் பழைய படுகை. நேர்கோடா போறதெல்லாம் கால்வாய், ஏமாந்துடாதீங்க. பாகிஸ்தான் பக்கம் இதுக்கு ஹக்ரானு பேரு, சோலிஸ்தான் பாலைவனத்துல டெராவர் கோட்டை வரைக்கும் விடாம புடிச்சுட்டு போலாம்.

அடுத்து சிந்து சமவெளி (ஹரப்பா) நாகரிக ஊர்களான பனாவலி, காளிபங்கன் ரெண்டுக்கும் பின் போடுங்க. அதே நாகரிகத்தோட பெரிய நகரமான ராக்கிகர்ஹி இந்தக் கோட்டுல வராது, அது தெக்க சௌதாங்னு இன்னொரு காஞ்ச தடத்துல இருக்கு.

இப்பதான் நெறைய பேர் சறுக்குற இடம். பெரிய ஆறு ஓடுச்சு, ஊர் வந்துச்சு, ஆறு வத்துச்சு, ஊர் அழிஞ்சுதுன்னு எழுதிடறாங்க. தயவுசெஞ்சு மண்ணோட வயசையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க! காளிபங்கன் பக்கம் துளை போட்டு பாத்தப்ப அடில இமயமலைப் பக்கமிருந்து வர்ற சட்லெஜ் ஆறு கொண்டுவந்த சாம்பல் நிற மணல், மேல மழை வெள்ளம் கொண்டுவந்த களிமண்ணு. 2017ல வந்த ஆய்வுப்படி சட்லெஜ் சுமார் 8000 வருஷத்துக்கு முன்னாடியே இந்தத் தடத்தை முழுசா விட்டுப் போயிடுச்சு, ஹரப்பா நகரங்களோட உச்சமோ கி.மு. 2600-1900. எப்ப வரைக்கும் வருஷம் பூரா தண்ணி ஓடுச்சுங்கறதுல ஆய்வாளர்களுக்குள்ள இன்னும் சண்டை இருக்கு, ஆனா எனக்கு சரின்னு படறது இதுதான், பேராறான சட்லெஜ் விலகிப் போனதாலதான் அங்க தைரியமா குடியேற முடிஞ்சுது. மொஹஞ்சதாரோல சிந்து வெள்ளத்துக்காக உசரமா மேடை கட்ட வேண்டியிருந்துச்சு, இங்க மழைத்தண்ணி வந்து வண்டல் போட்டுட்டு அமைதியா போயிடும், காளிபங்கன்ல ஹரப்பா காலத்துக்கும் முந்தின உழுத நிலமே கெடைச்சிருக்கு.

கடைசியா காலவாரியா கலர் மாத்தி பின் போடுங்க. சோலிஸ்தான்ல தொல்லியலாளர் ரஃபீக் முகல் கணக்குப்படி ஹரப்பா உச்ச காலத்துல ஆளுங்க வாழ்ந்த இடம் 174, அதுக்கப்புறம் வெறும் 50. அதே பிற்காலத்துல மேல ஹரியானா பக்கம் சின்னச் சின்ன ஊரா கூடிட்டே போகும், மழை குறையக் குறைய சனம் தண்ணி இருக்கற கெழக்குப் பக்கமா நகர்ந்துருக்கு.