கச்சான் காற்றுக்கு மை காயும், மாரிக்குக் கடதாசி நமுத்துப்போகும்

திருகோணமலை வீடுகளில் இங்க்ஜெட் பிரிண்டர் அவசர நேரத்தில் கைவிடுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான்.

முதலாவது மை. அச்சில் வெள்ளைக் கோடு விழுந்தால், பெரும்பாலும் ஹெட்டின் (மையைத் தாளில் தெளிக்கும் பகுதி) நுண்துளையில் மை காய்ந்துவிட்டது. வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைப்பதுதான் பலர் விடும் பிழை. பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்துங்கள். ஹெட் வலது ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் உட்காரும் சத்தம் கேட்கும். லைட் அணைந்த பிறகே சுவரில் அணைக்க வேண்டும். பாதியில் நின்ற ஹெட் திறந்தபடியே கிடக்கும்; கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் நாட்களில் சீக்கிரமே காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை நான்கு நிறமும் வரும்படி ஒரு பக்கம் அடியுங்கள்.

அடைத்துவிட்டால் முதலில் நொசில் செக், அதாவது துளை அடைப்பைக் காட்டும் சோதனைக் கோடுகளை அடியுங்கள். அதில் கோடு விடுபட்டால் மட்டும் ஹெட் கிளீனிங் (பிரிண்டரே துளையைச் சுத்தம் செய்வது), அதுவும் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். பிறகு 12 மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் நல்ல மை கழிவுப் பஞ்சுக்குள் போகிறது. அது நிரம்பினால் பிரிண்டரே நின்றுவிடும்.

இரண்டாவது கடதாசி. மார்கழி மழையில் தட்டில் கிடக்கும் தாள் ஈரத்தை இழுத்து ஓரம் சுருளும், இரண்டு மூன்றாக ஒட்டி உள்ளே போகும். தேவையான 20 தாளை மட்டும் விசிறிவிட்டு வையுங்கள். மிச்சத்தைப் பொலித்தீன் பையில் கட்டிப் படுக்கையாக வையுங்கள். தாள் வழுக்கினால், பிளக்கைக் கழற்றிவிட்டு ரோலரை ஈரத்துணியால் துடையுங்கள்.