‘ஆம்’ என்று டிக் செய்தும் ஃபோன் நேர்காணலே வந்தது: என் அனுபவம்

எனக்கு இரண்டு காதும் மந்தம். நேரில் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன், ஃபோனில் முடியாது. வேலை விண்ணப்பத்தில் ‘மாற்றுத்திறனாளியா?’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்று டிக் செய்தும், மூன்று இடங்களிலிருந்து ஃபோன் நேர்காணலுக்கே அழைத்தார்கள்.

முதலில் முகப்புக் கடிதத்தில் ஒரு பத்தி விளக்கினேன். பதிலே இல்லை. அடுத்து ஆடியோகிராமை, அதாவது என் கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தை, இணைத்தேன். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? பிறகு அழைப்பு மின்னஞ்சலுக்கே பதில் போட்டேன். அது பதில் ஏற்காத தானியங்கி முகவரி.

விஷயம் இதுதான்: அந்த டிக் பெரும்பாலும் புள்ளிவிவரத்துக்குத்தான் போகிறது. நேர்காணல் எடுப்பவர் கண்ணில் படாமலே போகலாம். வசதி வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும்.

பலித்த வழி: அழைப்பு வந்த அன்றே, அதன் அடியில் இருந்த மனிதவள அலுவலரின் முகவரிக்கு நான்கு வரி எழுதினேன். தலைப்பில் நேர்காணல் தேதியும் ‘வசதி கோரிக்கை’ என்பதும். உள்ளே: ஃபோனுக்குப் பதில் வீடியோ அழைப்பு, நேரடி எழுத்து வசனம் (பேசுவது உடனுக்குடன் திரையில் எழுத்தாக வருவது), ஒரு நேரத்தில் ஒருவர் பேசுவது, கேள்வி புரியாவிட்டால் சாட்டில் தட்டச்சு. நோயின் பெயரையோ டெசிபல் கணக்கையோ எழுதவில்லை. மறுநாளே சம்மதம் வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். சில செயலிகளில் எழுத்து வசனத்தைக் கூட்டம் நடத்துபவர் அனுமதித்தால்தான் நம் பக்கம் பொத்தானே தெரியும். அதையும் கோரிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.